லூசியா வெட்டிய பெயர்

முள்ளிப்பாட்டில் லூசியாவின் வாய்க்குப் பயப்படாத ஆட்கள் இரண்டே பேர்தான். ஒருவர் வேதக் கோயில் மூப்பர். அவருக்குக் காது கேட்காது. மற்றவன் அவளுடைய புருசன் சிங்கராசா. அவனுக்குக் கேட்டுக் கேட்டே காது மரத்துப் போயிற்று. மற்றப்படி வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிலிருந்து கிராம சேவகர் வரை, லூசியா எதிரே வந்தால் ஏதோ குற்றம் செய்தவர்கள் மாதிரி ஒதுங்கி வழிவிடுவார்கள். பெரும்பாலும் குற்றம் செய்துதான் இருப்பார்கள். அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

கருவாட்டு வாடியில் மீன் வெட்டி உப்பிடுவது அவளுக்குச் சோறு போட்ட தொழில். ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பது தலையில் வந்து விழுந்த தொழில். தொண்ணூறாம் ஆண்டு வள்ளமேறி இந்தியாவுக்கு ஓடிய சனத்தில் அவளும் ஒருத்தி. மண்டபம் முகாமில், ஓ.எல். பரீட்சை வரை படித்த பெட்டை என்று பிடித்து உட்காரவைத்து ஆளுக்கொரு விண்ணப்பம் எழுதுவித்தார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் அது அவளை விடவில்லை. வீட்டுத்திட்டம், சமுர்த்தி நிவாரணம், காணி, காணாமல் போன பிள்ளை, எல்லாவற்றுக்கும் லூசியாவின் எழுத்துத்தான். இல்லாத மாட்டுக்கு நட்டஈடு கேட்டவனுக்கும் எழுதினாள், உண்மையாகவே பிள்ளையைத் தொலைத்தவளுக்கும் எழுதினாள். இரண்டையும் ஒரே கையெழுத்தில் எழுதி எழுதி, மனிதர்கள் மேல் இருந்த மதிப்பு அந்தக் கடதாசிகளோடேயே போய்விட்டது. யாராவது வாயெடுத்தால் "எனக்குத் தெரியும்" என்பாள். மிச்சத்தைக் கேட்கும் வழக்கம் அவளிடம் இல்லை. முக்கால்வாசி நேரம் அவள் நினைத்ததே சரியாகவும் இருந்தது. அதுதான் கேடு.

ஆண்களைப் பற்றிய அவளுடைய தீர்ப்பு தவசு காலத்தில், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாளில், எழுதப்பட்டது. முள்ளிப்பாட்டு ஆண்கள் கடலுக்குப் போகும்போது பீடி பத்துவார்கள், வந்து பத்துவார்கள், வலைக் கிழிசலைப் பொத்தும்போது பத்துவார்கள். பூசைக்குப் போகும் வழியில் பாதி பத்திவிட்டு, மிச்சத் துண்டை மதில் இடுக்கில் செருகிவைத்து, ஆசீர்வாதம் வாங்கிய கையோடு வந்து அதையும் பத்துவார்கள். ஆனால் திருநீற்றுப் புதன் வந்துவிட்டால் ஊரில் ஒரு பீடி புகையாது. சாம்பல் பூசிய நெற்றியோடு வீட்டுக்கு வந்து, தீப்பெட்டியைப் பெண்சாதியின் கையில் கொடுத்துவிட்டு, தவசு முடியும் வரை ஒரு இழுவை இழுக்கமாட்டார்கள். கை நடுங்கும். பிள்ளைகளோடு எரிந்து விழுவார்கள். கறுவாப்பட்டையைச் சப்பிக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் பத்தமாட்டார்கள்.

உயிர்த்த ஞாயிறு காலைப் பூசை முடிந்து வாசலைத் தாண்டியதும் எல்லாம் சரி. கோயிலுக்கு நேரெதிரே கிறகரியின் கடை. அன்றைக்குக் கிறகரி முழுக் கட்டொன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, வருகிறவனுக்கெல்லாம் இனாமாக ஒரு பீடி நீட்டுவான். அல்லேலூயாப் பீடி என்று அதற்குப் பெயர். வாங்காமல் போவது பெருநாள் வாழ்த்துச் சொன்னவனின் முகத்தில் அடித்துவிட்டுப் போவதற்குச் சமம். அரை மணித்தியாலத்தில் கடை வாசலில் ஆள் தெரியாத அளவுக்குப் புகை நிற்கும்.

லூசியாவின் தகப்பன் அமிர்தநாயகமும் அந்தப் புகைக்குள் நின்றவர்தான். ஒவ்வொரு தவசுக்கும் "பிள்ளை, இந்த முறையோட சரி" என்பார். அவளும் சிறுபிள்ளைத்தனமாக நம்பி, ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நின்று பார்ப்பாள். எட்டு வருடம் பார்த்தாள். ஒன்பதாம் வருடம் அவர் நெஞ்சுச் சளியோடு போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு ஒரு ஆண் எதையாவது விடப்போகிறேன் என்றால், லூசியாவுக்குச் சிரிப்பு வருவதற்கு முன்னமே உதடு கோணிவிடும்.

அப்படிப்பட்டவள் சிங்கராசாவைக் கட்டியது அவனுடைய வலது காலுக்காக என்று வாடிப் பெண்கள் சீண்டுவார்கள். அவள் மறுக்கமாட்டாள். சென் றொக் உதைபந்தாட்டக் கழகத்துக்கு அவன் வலதுகரையில் ஓடிய காலத்தில், அக்கம்பக்கத்தில் எந்தத் திருநாள் போட்டியென்றாலும் அந்தக் காலைப் பார்க்கவே சனம் வரும். "தலையைப் பார்த்துக் கட்டுறதெண்டா அதுக்குள்ள என்ன கிடந்தது?" என்பாள் லூசியா.

நாற்பத்தைந்து வயதில் அந்தக் கால் மக்கர் பண்ணத் தொடங்கியது. நூறு யார் தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கும். நின்றால் விடும். ஓட முடியாதென்று கோல் காக்கப் போனான். பிறகு பெருவிரலில் ஒரு புண் வந்தது. மூன்று மாதமாக ஆறவில்லை, ஓரம் கறுத்தது. யுத்தம் முடிந்து ஐந்தாம் வருடம், தை மாதத்தில், லூசியா அவனை இழுத்துக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டொக்டர் காலை அமத்திப் பார்த்துவிட்டு நேராகவே சொன்னார்.

"காலுக்கு ரத்தம் போற குழாய் பீடியால அடைச்சுக்கொண்டு வருது. பீடியை விட்டா கால் மிஞ்சும். விடாட்டி முதல் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால். குறைக்கிறன் எண்ட கதை வேண்டாம். ஒண்டும் பத்தக் கூடாது."

பஸ்ஸால் இறங்கியதும் சிங்கராசா செய்த முதல் வேலை ஒன்றைப் பத்தவைத்ததுதான்.

"யோசிக்க வேணுமெல்லே" என்றான்.

"யோசியுங்கோ. காலில்லாட்டியும் யோசிக்கலாம்" என்றாள் லூசியா.

இந்த நேரத்தில்தான் நலக்கரை நிறுவனம் முள்ளிப்பாட்டுக்கு வந்து இறங்கியது. அதற்கு முன்னும் பல நிறுவனங்கள் வந்து போயிருந்தன. கோழி தந்த நிறுவனம், கக்கூசு கட்டித் தந்த நிறுவனம், அந்தக் கக்கூசில் அந்தக் கோழிகளை அடைத்திருந்ததைப் படம் பிடித்துக்கொண்டு போன நிறுவனம். இது பந்து தந்த நிறுவனம். கோயில் மைதானத்தில் இரண்டு பனைகளுக்கு நடுவே, பின்தங்கிய சமூகங்களில் விளையாட்டின் மூலம் புகைத்தலை ஒழிக்கும் திட்டம் என்று பெரிய பதாகை கட்டினார்கள். லூசியா அதை வாய்விட்டு ஒருமுறை வாசித்துவிட்டு, "பனைக்குக் கட்டினது நல்லது. பனை பத்துறேல்லை" என்றாள்.

திட்டத்தின் அதிகாரி பிரணவரூபன், யாழ்ப்பாணத்துப் பொடியன், முப்பது வயது. நல்ல சேட்டு, நல்ல சப்பாத்து, மடிக்கணினி. கெட்டவன் என்று சொல்ல முடியாது. கெட்டவனாவதற்கும் கொஞ்சம் ஆளைப் பார்த்துப் பேசத் தெரிய வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட, பீடி பத்துகிற ஆண்களைச் சேர்த்து நான்கு அணி: முள்ளிப்பாடு, உப்புக்குளம், உயிலங்குளம், இலுப்பைக்கடவை. சனிக்கிழமை தோறும் ஆட்டம். ஆட்டத்துக்கு முன்னர் ஒவ்வொருவனும் கைக்கடக்கமான ஒரு மெசினில் ஊத வேண்டும். மூச்சிலிருக்கிற புகைக்கு ஒரு இலக்கம் விழும்: கூடினால் சிவப்பு, நடுவில் மஞ்சள், இல்லாவிட்டால் பச்சை. ஒருவன் சிவப்பு ஊதினால் எதிரணிக்கு ஒரு கோல். பந்து உருளும் முன்னமே ஆட்டம் நாலுக்குப் பூச்சியம் என்று தொடங்கலாம். இறுதிப் போட்டியில் மட்டும் சட்டம் கடுமை: ஒரே ஒரு சிவப்பு வந்தாலும் அணி முழுவதும் வெளியே.

எழுதத் தெரிந்த ஆள் வேண்டுமென்று கேட்டபோது ஊர் முழுவதும் ஒரே வாயாக லூசியாவைக் காட்டியது. பிரணவரூபன் அவளுக்கு ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு பெரிய கொப்பி கொடுத்தான். செய்துகாட்டுவதற்காக அவளையே முதலில் ஊதச் சொன்னான். மெசின் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் போய் நின்றது. அவன் முழித்தான்.

"அக்கா, நீங்களும்..."

"காலமை ரெண்டு மணித்தியாலம் பச்சை விறகை ஊதினனான் தம்பி. அடுப்புக்கும் பீடிக்கும் வித்தியாசம் தெரியாத மெசினைக் கொண்டுவந்து என்ர மனிசனுக்குச் சான்றிதழ் குடுக்கப் போறீரோ?"

"அதை எழுத வேண்டாம் அக்கா" என்றான் பிரணவரூபன்.

தொடக்க நாளைக் குறித்த மகராசன், நாட்காட்டியில் லீவு நாட்களை மட்டும்தான் பார்த்திருக்கிறான் போலும். முதல் சனிக்கிழமை திருநீற்றுப் புதனுக்கு மூன்றாம் நாள் வந்து விழுந்தது. முள்ளிப்பாட்டுப் பதினாறு பேரும் நெற்றியைத் துடைத்துவிட்டு வந்து வரிசையாக ஊதினார்கள். பதினாறும் பச்சை. உப்புக்குளத்து முஸ்லிம் ஆட்களுக்கு அது வெறும் மார்ச் மாதம். அவர்களில் பதினொரு பேர் சிவப்பு. தலைவர் கலந்தர், சைக்கிள் திருத்தும் கடைக்காரர், வெட்கப்படாமல் சிரித்தார்.

"எழுதுங்கோ தங்கச்சி, உள்ளதை எழுதுங்கோ. விட்டுட்டுப் பிடிக்கிறம், பிடிச்சிட்டு விடுறம்."

பதினொரு கோல் பின்னால் தொடங்கி அவர்கள் விளையாடினார்கள். முள்ளிப்பாடு பந்தைத் தொடாமலே வென்றது. பிரணவரூபன் மடிக்கணினியில் ஒரு கோடு கீறி எல்லோருக்கும் காட்டினான். முள்ளிப்பாட்டுக் கோடு நேராகத் தரையில் கிடந்தது. உலகத்தில் எந்தத் திட்டத்திலும் இப்படி நடந்ததில்லை என்றான். பதினாறு பேரும் தலையைக் குனிந்துகொண்டு பெருமைப்பட்டார்கள். ஒருவனாவது வாய் திறந்து, தம்பி, நாங்கள் ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பெனியனும் பூட்ஸும் போய்விடும்.

மூன்றாம் வாரம் லூசியாவே சொன்னாள்.

"தம்பி, இது தவசு காலம். இவங்கள் பத்தமாட்டாங்கள். நீர் மெசின் கொண்டராட்டியும் பத்தமாட்டாங்கள். உயிர்த்த ஞாயிறு கழிய ஒரு மாசம் பொறுத்து வந்து ஊத விடும். அப்ப தெரியும் ஆர் விட்டவன் எண்டு."

பிரணவரூபனின் முகம் ஒருமுறை வெளுத்து, திரும்பவும் பழைய நிறத்துக்கு வந்தது.

"அது நல்லதுதானே அக்கா, உங்கட கலாசாரத்தோட சேர்ந்து வருகுது. திட்டம் ஏப்ரலோட முடியுது. இறுதிப் போட்டிக்குத் திங்கக்கிழமை வெளிநாட்டில இருந்து ஆக்கள் வருகினம்."

"எந்தத் திங்கக்கிழமை?"

"ஈஸ்டர் திங்கள். பெருநாளுக்கு மறுநாள்தானே, சனமும் சேரும்."

லூசியா கொப்பியை மூடினாள். பெருநாளுக்கு அடுத்த நாள், ஊரே பீடிப் புகையில் மிதக்கும் நாளைப் பார்த்து மெசினைக் கொண்டுவருகிறவனிடம் மேலே என்ன பேசுவது?

வீட்டில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. திருநீற்றுப் புதன் அன்றே சிங்கராசா, "இந்த முறை ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் பத்தமாட்டன்" என்று சொல்லியிருந்தான். "எனக்குத் தெரியும். அப்பாவும் இதைத்தான் சொன்னவர்" என்று அவள் மீன் கழுவப் போய்விட்டாள். ஆனால் பின்னேரம் தோறும் வெந்நீரில் உப்புப் போட்டு அந்தப் புண்ணைக் கழுவியது அவள்தான். ஐந்தாம் வாரம் கறுத்த ஓரம் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாகத் தோல் வந்தது. சிங்கராசா கோயில் வரை ஒரே நடையில் போய், ஒரே நடையில் திரும்பி வந்தான்.

"இஞ்ச பார் லூசியா, காயுது" என்று காலைத் தூக்கிக் காட்டினான்.

அந்தச் சிவப்பைக் கண்டு அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் அதை வெளியே காட்டினால் இருபத்தைந்து வருடம் கட்டிக்காத்த பேர் என்னாவது?

"தவசு முடியட்டும், திரும்பக் கறுக்கும்" என்றாள்.

அவன் காலைக் கீழே வைத்துக்கொண்டான்.

உயிர்த்த ஞாயிறு வந்தது. பூசை முடிந்து லூசியா பெண்கள் வாசலால் வெளியே வந்து, சிறுமியாய் நின்ற அதே இடத்தில் நின்று பார்த்தாள். கிறகரி கட்டைப் பிரித்தாயிற்று. அல்லேலூயா, அல்லேலூயா என்று நீட்டிக்கொண்டிருந்தான். ஆண்கள் மொய்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறு வாரம் ஊர் மெச்ச ஊதிய பதினாறு பேரில் பன்னிரண்டு பேரை அவள் அந்த இடத்திலேயே எண்ணினாள். சிங்கராசா போனான். கிறகரி நீட்டினான். சிங்கராசா வாங்கினான், காதில் செருகினான், கிறகரியின் தோளில் தட்டினான், சிரித்துக்கொண்டு புகைக்குள் போய் நின்றான். லூசியா அதற்கு மேல் பார்க்கவில்லை. பார்த்து என்ன செய்ய? முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போனாள். வழியில் பெருநாள் வாழ்த்துச் சொன்னவர்களைத் திரும்பியும் பார்க்காமல் நடந்தாள். அதைக் கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்குச் சிங்கராசா வந்தான். சேட்டெல்லாம் பீடி நாற்றம்.

"லூசியா, ஒரு கதை சொல்லட்டே?" என்று முகம் நிறையச் சிரித்துக்கொண்டு தொடங்கினான்.

"எல்லாம் எனக்குத் தெரியும். சேட்டைக் கழட்டிக் கிணத்தடியில போடுங்கோ. நாறுது."

அவன் சேட்டைக் கழற்றிக் கிணற்றடியில் போட்டுவிட்டு, சாப்பிடாமல் வள்ளத்தடிக்குப் போனான்.

பின்னேரம் பிரணவரூபன் மோட்டார் சைக்கிளில் ஓடிவந்தான். கடை வாசலைக் கண்டிருக்கிறான். அவனுக்கு அன்றைக்குத்தான் ஞானம் பிறந்தது. நாளைக்கு விருந்தாளிகள் முன்னிலையில் ஒரே ஒரு சிவப்பு எரிந்தால் அவனுடைய நேர்கோடு அம்போ. சிவப்பு ஊதக்கூடியவர்களை இன்றைக்கே வெட்டிவிட்டு, பத்தாத ஆட்களைப் போட்டுப் புதுப் பட்டியல் அச்சடிக்க வேண்டும்.

"ஆர் ஆரெண்டு உங்களுக்குத்தான் தெரியும் அக்கா."

லூசியா பேனையை எடுத்தாள். "முதல் என்ர மனிசன்ர பேரை வெட்டுறன். அப்பதான் வேற ஒருத்தரும் வாய் திறக்கேலாது."

"அண்ணை பத்தினதை நீங்கள் கண்டனீங்களோ?"

"காண வேணுமோ? இருபத்தைஞ்சு வருசம் கண்டனான்."

சிங்கராசாவின் பெயருக்கு மேல் அடிமட்டம் வைத்து நேர்கோடு கீறினாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. சொந்தப் புருசனென்றும் பார்க்காத நீதி என்று தன்னை மெச்சிக்கொண்டாள். பிறகு கடை வாசலில் எண்ணிய பன்னிரண்டு பேரையும் வெட்டினாள். முள்ளிப்பாட்டில் பீடி பத்தாத ஆண்களைத் தேடிப் பிடிப்பது சுறாவுக்குள் சைவம் தேடுகிற வேலை. கடைசியில் கோயிலில் ஞானபாடம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் டொமினிக் வரை போயிற்று. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பீடியையும் தொட்டதில்லை, பந்தையும் தொட்டதில்லை. அவரைக் கோல் காக்கப் போட்டார்கள். வெட்டுப்பட்டவர்களுக்குப் பிரணவரூபன் போய்ச் சொன்னான், சிங்கராசாவுக்கு மட்டும் வீட்டில் சொல்லுவாள் என்று விட்டுவிட்டான்.

திங்கட்கிழமை பின்னேரம் மைதானத்தில் பந்தல், பிளாஸ்ரிக் கதிரைகள், கொழும்பிலிருந்து வந்த இரண்டு வாகனம், ஒரு வெள்ளைக்கார அம்மா. எதிரணி கலந்தரின் உப்புக்குளம். நாலு வாரம் தோற்றுத் தோற்று, விழுந்து எழும்பி, கடைசி இரண்டு வாரத்தில் சிவப்பைக் குறைத்து எப்படியோ இறுதிக்கு வந்து, பச்சை ஊதக்கூடிய ஆட்களை மட்டும் பொறுக்கி இறக்கியிருந்தார்கள். வெட்டுப்பட்ட மற்றப் பன்னிரண்டு பேரும் பனையடியில் பத்திக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. சிங்கராசா மட்டும் கையுறை போட்டு, பெருவிரல் இடம் வெட்டிய பூட்ஸோடு, கோலடியில் நின்று கையை உதறிக்கொண்டிருந்தான்.

ஒலிபெருக்கியில் பெயர்கள் வாசிக்கப்பட்டன. கோல் காப்பாளர், டொமினிக்.

சிங்கராசா மேசையடிக்கு வந்தான். "தம்பி, என்ர பேர் விடுபட்டுப் போச்சு."

"அண்ணை, இண்டைக்கு நீங்கள் இருந்து பாருங்கோவன்."

"ஏன்?"

பிரணவரூபன் லூசியாவைப் பார்த்தான். "உங்கட வீட்டில இருந்துதான் சொன்னது. நேற்று நீங்கள்... எண்டு."

சிங்கராசா லூசியாவைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த மெசினைத் தானே எடுத்தான். மூச்சை இழுத்துப் பிடித்து, மெதுவாக, முழுவதும் ஊதினான். இலக்கம் விழுந்தது. இரண்டு. பச்சை. ஆறு வாரத்திலும் அவன் ஊதியதில் அதுதான் குறைந்த இலக்கம். திட்டத்தின் படம்பிடிக்கிறவன் கன்னம் உப்பியிருந்த அவனை அந்த நேரம் பார்த்து ஒரு படம் எடுத்தான்.

கலந்தர் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி யோசினை? ஆள் சுத்தம். விளையாடட்டும். எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை."

"லிஸ்ட் அச்சடிச்சு வந்த ஆக்களிட்டக் குடுத்தாச்சு" என்றான் பிரணவரூபன். "இப்ப மாத்தினா ஏதோ பிழை நடந்த மாதிரித் தெரியும்."

பிழை நடந்த மாதிரித் தெரியக்கூடாதாம். அதற்காகத்தான் இத்தனை கதிரையும் இத்தனை பந்தலும்.

லூசியா அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்கராசா கையுறையைக் கழற்றி மேசையில், அவளுடைய கொப்பிக்கு மேல் வைத்தான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"கிறகரி தந்ததை வாங்கினனான். பெருநாளுக்குத் தாறதை எப்பிடி மறுக்கிறது? பத்தேல்லை. அவ்வளவு பேர் பத்தேக்க நடுவில நிண்டும் பத்தேல்லை. வீட்டை வந்து உனக்குச் சொல்லத்தான் வாயெடுத்தனான்."

"நான்..."

"தவசு முழுக்க ஆண்டவருக்கு விட்டனான் லூசியா. அது எல்லாரும் விடுறதுதான். நேற்றையான் ஒரு நாள்தான் எனக்கெண்டு விட்டது. அந்த ஒரு நாளைத்தான் நீ வெட்டினனி."

சொல்லிவிட்டுப் பனையடிக்கு நடந்தான். அங்கே நின்ற ஒருவனிடம் கையை நீட்டினான். அவன் கொடுத்தான். பனையடிக்காரர்கள் எதைக் கேட்டாலும் யோசிப்பார்கள், பீடியைக் கேட்டால் மட்டும் யோசிக்கமாட்டார்கள்.

லூசியா கதிரையைத் தள்ளிவிட்டு ஓடினாள். அவள் ஓடியதை முள்ளிப்பாடு அதற்கு முன் கண்டதில்லை.

"வேண்டாம். இஞ்சாருங்கோ, நான் பிழை விட்டுட்டன். எல்லாருக்கும் முன்னால சொல்லுறன், நான்தான் பிழை. உங்கட காலைப் பாருங்கோ. பத்தாதேங்கோ."

"எழுதினது எழுதினபடி இருக்கட்டும்" என்றான் சிங்கராசா. நெருப்பை வைத்து, கண்ணை மூடி, ஆழமாக இழுத்தான்.

பெண்சாதியோடு கோபமென்றால் ஒருவன் சட்டியை உடைப்பான், இன்னொருவன் கள்ளுத் தவறணைக்குப் போவான். இந்த வீரன் தன் காலைத் தானே கொளுத்தினான். ரோசம் என்று பனையடியில் அதற்குப் பெயர் சொன்னார்கள். மடத்தனத்துக்கு முள்ளிப்பாட்டு ஆண்கள் வைக்காத நல்ல பெயர் இல்லை. ஆனால் அவனை மடையன் என்று சொல்ல அன்றைக்கு லூசியாவின் வாயில் எச்சில் இல்லை.

ஆட்டத்தில் உபதேசியார் ஏழு கோல் விட்டார். கிண்ணம் உப்புக்குளத்துக்குப் போயிற்று. கலந்தரின் ஆட்களில் மூன்று பேர் உண்மையாகவே பீடியை விட்டார்கள் என்று பிறகு கேள்வி.

அன்றைக்குத் திரும்பத் தொடங்கியதைச் சிங்கராசா நிறுத்தவில்லை. ஆவணியில் அவனுடைய பெருவிரலை எடுத்தார்கள். கார்த்திகையில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இரண்டு முறையும் ஆஸ்பத்திரியில் பாய் போட்டுக் கிடந்தவள் லூசியா. வீட்டுக்குக் கொண்டுவந்த கிழமை, நலக்கரை நிறுவனத்தின் அறிக்கை வழவழப்பான புத்தகமாக வந்தது. கடைசியாக ஊதிய இலக்கத்தைக் கொண்டுதான் கணக்கெடுத்தார்களாம். பதினாறாம் பக்கத்தில் கன்னம் உப்பிய சிங்கராசா இருந்தான். புகைத்தலை வென்றவர் என்று கீழே போட்டிருந்தது. லூசியா அதை அடுப்புக்குள் வைத்தாள்.

அவன் இன்றைக்கும் பத்துகிறான். டொக்டர் மற்றக் காலையும் எச்சரித்துவிட்டார். லூசியா ஒருமுறை அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "விட்டுப் பாருங்கோவன், இந்த முறை நான் நம்புறன்" என்று சொன்னாள். அவன் கோபப்படவில்லை. களைத்துப்போன குரலில், "இனி எனக்கு ஏலாது" என்று மட்டும் சொன்னான். எனக்குத் தெரியும் என்று அவள் சொல்லவில்லை.

அவனால் கடை வரை நடக்க முடியாது. கிழமைக்கு இரண்டு தரம் லூசியாதான் போகிறாள். கிறகரி அவளைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் ஒரு பீடிக் கட்டை எடுத்து மேசையில் வைக்கிறான். அவளும் ஒன்றும் சொல்லாமல் அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வருகிறாள்.